தேரிக்காட்டு ஓலைப்பெட்டி: ஒரு பலகாரக் கடைக்காரியின் மதிப்புரை

பனையோலைப் பெட்டி கடைக்குக் கட்டுப்படியாகுமா, பலகாரம் கெட்டுப்போகாதா, எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். பாளையங்கோட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு தின்பண்டக் கடை நடத்துகிறோம். கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, முந்திரிக்கொத்து, மனோகரம், முறுக்கு, தேங்குழல். இவற்றில் பாதிக்குமேல் இப்போது ஓலைப்பெட்டியில்தான் கொடுக்கிறோம். பெட்டி வருவது தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக்குப் பக்கத்தில், தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்குகிற ஒரு ஊரிலிருந்து. அங்கே 12 பெண்கள் சேர்ந்து நடத்துகிற சுய உதவிக் குழுவிடம் நேரடியாக வாங்குகிறோம். கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, எது நன்றாக இருக்கிறது, எது இன்னும் சரியாகவில்லை, என்ன விலை, அதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு: மூடி போட்ட பலகாரப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். கருப்பட்டிக் கொட்டான், அதாவது சின்ன ஓலைக்கூடை, அதைவிட நல்லது. சீர்த்தட்டு அழகு, ஆனால் சின்னக் கடைகளுக்கு விலை கூடுதல். சாயம் போட்ட பொருட்களில் கவனம் வேண்டும். கைப்பை இப்போதைக்கு வேண்டாம்.

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். கால் கிலோப் பெட்டி உள்ளங்கையில் உட்காரும். அடி சதுரம், மேலே வரவர மூலைகள் மழுங்கி, வாய் கிட்டத்தட்ட வட்டமாகிவிடும். ஓலை இரண்டு அடுக்காக ஓடும். ஒற்றை ஓலையில் முடைந்த பெட்டியும் சந்தையில் கிடைக்கிறது, விலையும் பாதிதான். ஆனால் அதில் முந்திரிக்கொத்தைப் போட்டு நாலு பெட்டியை அடுக்கினால் கீழே இருப்பது சப்பிவிடும். இரட்டை ஓலைப் பெட்டி அப்படியில்லை. ஆறேழு அடுக்கிக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மதுரை வரை போனவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள், ஒன்றுகூட நசுங்கவில்லை என்று.

வாங்கும்போது முதலில் விளிம்பைப் பாருங்கள். நல்ல பெட்டியில் ஓலை நுனியை வெட்டி விட்டிருக்க மாட்டார்கள். மடித்து, வந்த வழியிலேயே பின்னலுக்குள் திரும்பச் சொருகியிருப்பார்கள். நகத்தை வைத்து லேசாக நெம்பினாலும் நுனி வெளியே வரக்கூடாது. வந்துவிட்டால் அந்தப் பெட்டி இரண்டொரு மாதத்தில் அங்கிருந்துதான் பிரியத் தொடங்கும். இன்னொன்று, இந்தப் பெட்டியில் பசை கிடையாது, ஸ்டேப்ளர் பின் கிடையாது. அட்டைப்பெட்டி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு அந்தப் பின் பயம் தீரவே இல்லை. குழந்தைகள் சாப்பிடுகிற பண்டம் அல்லவா.

மூடிதான் கைப்பக்குவம். பெட்டிக்கும் மூடிக்கும் ஓலை எண்ணிக்கை ஒன்றுதான். மூடிக்கு வாருகிற, அதாவது கீறி எடுக்கிற, ஓலை மட்டும் ஒரு இழை அகலம் கூடுதலாக இருக்கும். அது சற்றே மிஞ்சினால் மூடி தொளதொளவென்று கழன்று விழும். குறைந்தால் இறங்கவே இறங்காது. சரியாக அமைந்த மூடியைப் பிடித்துத் தூக்கினால், பெட்டியும் கூடவே ஒரு விரல்கடை எழும்பி, அப்புறம்தான் விடும். சரக்கு வந்ததும் பத்துக்கு ஒன்றையாவது இப்படித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். இந்தக் குழுவில் எல்லோருக்கும் பெட்டி முடையத் தெரியும், ஆனால் மூடி முடைகிறவர்கள் மூன்றே பேர். அவர்களில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் பெரியக்கா என்போம். மற்ற இருவருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இப்போது பத்தாவது முடித்த ஒரு பெண்ணுக்கும் மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்.

அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முழு வேலையையும் ஒருநாள் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு பெட்டி விலையைப் பற்றி நான் பேரம் பேசியதில்லை.

பனையில் குருத்தோலை, சாரோலை என்று இரண்டையும் எடுப்பார்கள். முற்றிய சாரோலை கடகம் என்கிற பெரிய கூடைக்கும் பாய்க்கும் தட்டிக்கும் போகும். பலகாரப் பெட்டிக்குக் குருத்தோலைதான் வேண்டும், விரியாமல் மூடியபடியே இருக்கிற இளசு. பனைக்குக் கிளை கிடையாது; உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான். அதில் கத்தி பட்டால் மரமே பட்டுப்போகும். அதனால் பழகிய பனையேறிதான் ஏறி, முனையைத் தொடாமல் அளவாக எடுக்க வேண்டும். பதநீர் இறங்குகிற காலத்தில் அவர்கள் தினமும் மரத்தில் இருப்பார்கள், ஓலையும் தாராளமாகக் கிடைக்கும். அது முடிந்தபின் ஓலைக்கு ஆள் பிடிப்பதே பெரும் பாடு. பனைதான் நம் மாநில மரம். 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் கொடுப்போம் என்றும், ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தேரிப் பக்கம் போய்க் கேட்டால் மரம் போதவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏற ஆள் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஓலைப்பெட்டியின் எதிர்காலம் முடைகிற பெண்களின் கையில் மட்டும் இல்லை, ஏறுகிற ஆளின் காலிலும் இருக்கிறது.

வெட்டி வந்த குருத்தை விரித்து வெயிலில் போடுவார்கள். ராத்திரியில் அதை உள்ளே எடுக்க மாட்டார்கள், பனி படட்டும் என்று விட்டுவிடுவார்கள். வெயில் மட்டும் பட்டால் ஓலை மொடமொடவென்று ஒடியும், பனியும் பட்டால்தான் துவளும் என்று பெரியக்கா சொன்னார். இரண்டு மூன்று நாளில் பச்சை போய், தந்த நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு கீற்றிலும் நடுவே ஓடுகிற ஈர்க்கை உரித்தெடுப்பார்கள். ஈர்க்கு வாரியலுக்கு, அதாவது துடைப்பத்துக்கு, போய்விடும், எதுவும் வீண் இல்லை. சின்ன மரக்கட்டையில் இரண்டு பிளேடைச் சமதூரத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். அதில் கீற்றை வைத்து ஒரே இழுப்பில் வாரினால் சீரான ஓலை வரும். வாரிய ஓலையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் முடையத் தொடங்குவார்கள்.

அடி பின்னுவது வேகமாகப் போகும். குறுக்கும் நெடுக்குமாக ஓலை ஓடி, சதுரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்துவிடும். வேகம் குறைகிற இடம் மூலை. இடது பெருவிரலால் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இதுவரை படுத்துக் கிடந்த ஓலைகளை இரண்டிரண்டாக நிமிர்த்தி, ஒன்றை ஒன்று தாண்டவிட்டு இறுக்குகிறார். அந்த இடத்தில் மட்டும் அவர் பேச்சை நிறுத்திவிடுவதைக் கவனித்தேன். நாலாவது மூலையும் திரும்பி, பெட்டி தானாக நிமிர்ந்து நின்ற பிறகுதான் விட்ட கதையை மறுபடி எடுத்தார். அவர் பெருவிரலின் ஓரத்தில் தோல் கெட்டித்துப்போய், ஓலை ஓடி ஓடி ஒரு கோடே விழுந்திருக்கிறது.

சரி, பலகாரத்துக்கு வருவோம். கடைக்காரர்களுக்கு இதுதான் முக்கியம்.

கருப்பட்டிக்கு ஓலையைவிட நல்ல கலம் நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் கருப்பட்டி வியர்த்துக் கசியும். ஓலைப்பெட்டியில் காற்று போய்வருவதால் கசிவு காய்ந்துவிடும். எங்கள் பாட்டிமார் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்தது சும்மா இல்லை. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதை ஓலைக்கொட்டானில் வாங்குவதுதான் முறை என்று நினைக்கிறேன். முந்திரிக்கொத்துக்கும் மனோகரத்துக்கும் பெட்டி மிகப் பொருத்தம். அடியில் ஒரு வெண்ணெய்த்தாள் போட்டால் எண்ணெய் ஓலையில் இறங்காது. மறுநாள் திறக்கும்போது பலகாரத்தில் ஓலை வாசம் லேசாக ஏறியிருக்கும். கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை அவித்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாசத்தை விளக்க வேண்டியதில்லை.

முறுக்குக்கும் தேங்குழலுக்கும் இது சரிப்படாது. காற்று போவது கருப்பட்டிக்கு நல்லது, முறுக்குக்குக் கெடுதல். இரண்டாம் நாளே நமுத்துவிடும். நாங்கள் முறுக்கைக் காற்றுப் புகாத உறையில் போட்டு, அதைப் பெட்டிக்குள் வைக்கிறோம். பாகு சொட்டுகிற கருப்பட்டி மிட்டாய்க்கு வாழையிலையும் தாளும் இரண்டும் போட்டாலும், அன்றைக்கே சாப்பிடுகிறவர்களுக்குத்தான் ஓலைப்பெட்டியில் கொடுக்கிறேன்.

மழைக்காலம்தான் ஓலைக்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் இருட்டான மூலையில் பெட்டிகளைக் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பாலிதீன் மூட்டையில் கட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். துணி மூட்டையில், தரையில் படாமல், பலகை மேல் வையுங்கள். வெயில் வந்த நேரத்தில் ஒரு மணி நேரம் காயவிட்டு எடுங்கள். சாம்பல் நிறத்தில் லேசாகப் பூத்திருந்தால்கூட அந்தப் பெட்டியைப் பலகாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். நான் அதையெல்லாம் தனியாக எடுத்து, துடைத்துக் காயவைத்து, கடையில் சில்லறை போடவும் நூல்கண்டு போடவும் வைத்துக்கொள்கிறேன்.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ரோஸ், பச்சை, கத்திரிப்பூ நிறங்களில் வருகிற பெட்டிகள் கண்ணைப் பறிக்கும். சாயப்பொடியைக் கொதிக்கும் தண்ணீரில் கரைத்து, ஓலையை அதில் போட்டு எடுக்கிறார்கள். ஈரப்பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் உணவுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒட்டாவிட்டாலும் சாயப்பெட்டியில் நேரடியாகப் பலகாரம் போடாதீர்கள். இந்தக் குழுவிடம் நான் பலகாரத்துக்கு வெள்ளோலைப் பெட்டி மட்டும் கேட்கிறேன். விளிம்பில் மட்டும் ஒரு வரி நிறம் ஓடவிட்டால் போதும், பெட்டிக்கு முகம் வந்துவிடும். வளையல், பொட்டு, தாம்பூலம் போடுவதற்கு முழுச் சாயப்பெட்டியைத் தாராளமாக வாங்கலாம்.

இந்த வேலையில் நம் பக்கத்துக்குத் தனி அழகு உண்டு என்றாலும், செட்டிநாட்டுக் கொட்டானைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். ஒரு காலத்தில் நகரத்தார் வீட்டு ஆச்சிமார் தங்கள் கையாலேயே முடைந்து, குரோஷா உறையும் மணியும் வைத்து, கல்யாணத்துக்கும் சீருக்கும் கொடுத்த கொட்டான் அது. நடுவில் மங்கிப்போனதை, 2000இல் விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தது. இன்று செட்டிநாடு கொட்டானுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. நிறச் சேர்க்கையிலும் பின்னலின் நுணுக்கத்திலும் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மணப்பாடும் ஓலைவேலைக்குப் பேர்போன ஊர். திருச்சிலுவைக் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே ஓலைப்பொருட்களையும் பார்த்துவிட்டு வரலாம். நான் வாங்குகிற குழு அந்த அளவுக்குப் பேர் வாங்கியது இல்லை. அவர்களுடைய பலம் வேறு: தினமும் புழங்குகிற பெட்டியை, ஒரே அளவில், நூற்றுக்கணக்கில், சொன்ன தேதியில் கொடுப்பது. கடைக்காரிக்கு அதுதான் வேண்டும்.

இப்போது விலை. கால் கிலோப் பெட்டி 40 ரூபாய், அரைக் கிலோ 60. அச்சடித்த அட்டைப்பெட்டி எனக்கு 10 ரூபாய்க்குக் கிடைக்கும். அந்த 30 ரூபாய் வித்தியாசத்தை வாடிக்கையாளரிடம் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் ஓலைப்பெட்டியில் போடுகிறோம். தீபாவளிக்கும் கல்யாண வரிசைக்கும் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சரி என்கிறார்கள். அன்றாடம் அரைக்கால் கிலோ வாங்குகிறவர்களிடம் நான் கேட்பதே இல்லை. அவர்களுக்குக் காகிதப் பொட்டலம்தான்.

முதலில் அவர்கள் சொன்ன விலை 28 ரூபாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரியக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த அன்று நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஓலைக்கும் மற்றச் செலவுக்கும் ஒரு பெட்டிக்கு 6 ரூபாய், குழு நிதிக்கு 2 ரூபாய், மிச்சம் 20 முடைந்தவருக்கு. வீட்டு வேலை, தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம் போக ஒருவர் ஒரு நாளில் 9 பெட்டி முடிப்பார். ஆக 180 ரூபாய். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 319 ரூபாய். கைத்திறன் இருக்கிறவருக்கு மண் வெட்டுகிற கூலியில் முக்கால்வாசிகூடக் கிடைக்கவில்லை என்றால், அவர் மகள் ஏன் இந்த வேலைக்கு வரப்போகிறாள்? 40 ரூபாய் என்று வைத்த பிறகு முடைகிறவருக்குப் பெட்டிக்கு 32, நாளைக்கு 288. இன்னும் 319ஐத் தொடவில்லை. ஓலையைக் காயவைத்து வாருகிற நேரத்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். அடுத்த தை மாதம் 45 ஆக்கலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஓலைப்பெட்டி மலிவு என்று பாராட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மலிவாக இருப்பதுதான் இந்தத் தொழிலைக் கொன்றுகொண்டிருக்கிறது.

விலை ஏறினால் அந்தப் பணம் முடைந்தவரிடம் போய்ச் சேருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பெருநகரக் கடையில் இதே அளவுப் பெட்டியை 150 ரூபாய்க்குப் பார்த்தேன். அந்தக் கடை இந்தக் குழுவிடமும் ஒருகாலத்தில் வாங்கியிருக்கிறது. விற்ற பிறகு பணம் தருகிறோம் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய், ஒரு பொங்கலுக்குக் கொடுத்த சரக்குக்கு அடுத்த ஆடி வரை இழுத்தடித்ததாம். வாங்கும் விலை அப்போது 25 ரூபாய். கையில் முதல் இல்லாத பெண்களுக்கு அந்த ஆறு மாதத்தில் ஓலை வாங்கவே வட்டிக்குப் பணம் எடுக்கவேண்டியதாகிவிட்டது. அதனால் கடைக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பாதி முன்பணம் கொடுங்கள், மீதியைச் சரக்கு இறங்கிய அன்றே கொடுங்கள். உங்களால் முடியாது என்றால் அட்டைப்பெட்டியே வாங்குங்கள்.

பணம் யார் போனுக்குப் போகிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. தொடக்கத்தில் சிலருடைய கூலியை அவர்கள் வீட்டுக்காரர் நம்பருக்குத்தான் அனுப்பச் சொன்னார்கள். குழுவில் பேசி, 12 பேருக்கும் அவரவர் பெயரில் வங்கிக் கணக்கும் போனில் பணம் பெறும் வசதியும் வைத்துவிட்டார்கள். இப்போது பணம் வந்ததும் "வந்துட்டுக்கா" என்று அவர்களே எனக்குச் சொல்கிறார்கள். குழு நிதியிலிருந்து உள்கடன் எடுத்து ஒருவர் மகளை நர்சிங் சேர்த்திருக்கிறார்; முன்பு இந்த மாதிரிச் செலவுக்குக் கந்துவட்டிக்காரர்தான் கதி. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு முறை இன்று ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. ஆனால் சேமிப்பும் கடனும் மட்டும் இருந்து, விற்கிற பொருளும் தொடர்ந்து வாங்குகிற ஆளும் இல்லாத குழுக்கள் கொஞ்ச நாளில் சோர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் குழு நிற்பதற்குக் காரணம் ஆர்டர். எங்கள் கடை மட்டும் இல்லை, கோயில் கொடைத் திருவிழாவுக்கும் சர்ச் அசன விருந்துக்கும் இவர்களிடம்தான் சொல்கிறார்கள். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வாரம் ஓலைச் சிலுவை செய்வதிலேயே எல்லோருக்கும் வேலை சரியாக இருக்கும். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வருகிற கூட்டத்தில் சின்னக் கொட்டான்கள் நன்றாக விற்கின்றன.

அடுத்து அவர்கள் கேட்பது ஓலை காயவைக்க ஒரு கூரை. மழையில் வேலை நின்றுபோவதுதான் அவர்களுடைய பெரிய நஷ்டம். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் உள்ள 25 தொழில்களில் கூடை முடைதலும் ஒன்று. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 35 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால் இளையவர்களுக்கு வழி இல்லை. பெரியவர்களில் இருவர் விண்ணப்பம் போடத் தயாராகிறார்கள்.

மற்றப் பொருட்கள். சீர்த்தட்டு, அதாவது விளிம்பு உயர்த்திய வட்டத் தட்டு, 250 ரூபாய். தேங்காய், பழம், புடவை எல்லாம் வைத்துத் தூக்கினாலும் வளையவில்லை. அடியில் பனைநார் கொடுத்துப் பொத்தியிருக்கிறார்கள். எவர்சில்வர் தட்டுக்குப் பதிலாக வரிசை வைக்க நினைக்கிறவர்கள் ஐந்தோ ஏழோ வாங்கிவைத்தால் பல கல்யாணங்களுக்கு வரும். பேனாத் தாங்கி, நகைப்பெட்டி எல்லாம் சரிதான், சொல்லும்படி ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கான ஓலைக் கிலுக்கு மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. வாயில் வைத்துக் கடிக்கும் வயது என்பதால் சாயம் போடாததை மட்டும் வாங்குங்கள்.

கைப்பை ஏமாற்றம். பின்னல் பிரமாதம், தோற்றமும் நன்றாக இருக்கிறது. ஆனால் பிடி போடும் இடத்தில் துளை போட்டு நூலால் தைத்திருக்கிறார்கள். போன், பர்ஸ், தண்ணீர் பாட்டில் என்று கனம் ஏறியதும் அந்தத் துளையில் ஓலை கிழிகிறது. உள்ளே தைத்த துணியும் ஜிப்பும் வெளியே கொடுத்து வாங்கிய தையல், ஓரம் பிரிந்துவிட்டது. பெரியக்காவிடம் பையைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிடியத் தனியா தச்சது தப்பு. அடியில இருந்தே நாரக் கொடுத்து மேல கொண்டாந்திருக்கணும். கடகத்துக்கு அப்படித்தான செய்யுதோம்" என்றார். அப்படி ஒன்று முடைந்து வருகிற வரைக்கும் கைப்பையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இதைச் சொன்னபோது உடன் வந்த என் தோழி, "பாவம், குறை சொல்லாதே, அவர்களுக்கு ஒரு உதவியாக இருக்கட்டும், வாங்கிவிடலாம்" என்றாள். பெரியக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "பெட்டி நல்லா இருந்தா வாங்குங்கம்மா. நல்லா இல்லன்னா எங்கிட்டயே திருப்பி அனுப்புங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். உதவி என்று ஒரு தடவை வாங்கிய பை கிழிந்தால் அவள் மறுபடி வாங்க மாட்டாள், யாரையும் வாங்கச் சொல்லவும் மாட்டாள். நல்ல பெட்டியை நல்ல விலைக்கு வாங்கியவர் அடுத்த தீபாவளிக்கும் வருவார். 12 வீட்டில் அடுப்பு எரிவது அந்த இரண்டாவது ஆர்டரில்தான்.

2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, எங்கள் பக்கத்தில் சில கறிக்கடைகள்கூட ஓலைப்பெட்டிக்கு மாறின. பிறகு மெல்ல மெல்லப் பழைய கவர் திரும்பிவிட்டது. துணிப்பை மாதிரியே தெரிகிற, ஆனால் துணி இல்லாத பைகளும் வந்துவிட்டன. தடை போட்டதும் வந்த ஆர்டரை நம்பி நிறையப் பேர் ஓலை வாங்கிக் குவித்து, பிறகு அது வீணாகப் போனது. அதனால்தான் ஒரே வீச்சில் ஆயிரம் பெட்டி கேட்கிற ஆளைவிட, மாதம் நூறு கேட்கிற ஆளை இவர்கள் விரும்புகிறார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். உங்கள் மாவட்டத் தலைநகரில் அரசின் மகளிர் திட்டத்தின் பூமாலை வணிக வளாகம், அதாவது சுய உதவிக் குழுக்களின் பொருட்களை விற்கிற இடம், இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் முடைகிற குழுக்களின் விவரத்தை மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம். சென்னையில் இருப்பவர்கள் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் கண்காட்சிகளுக்குப் போனால் பல மாவட்டத்து ஓலைவேலையை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாதிரிக்கு ஐந்தாறு பெட்டி வாங்கி, உங்கள் பலகாரத்தைப் போட்டு ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். அளவைச் சென்டிமீட்டரில் எழுதிக் கொடுப்பதைவிட, உங்கள் பழைய அட்டைப்பெட்டியையே கையில் கொடுத்துவிடுங்கள். அதற்குள் அடங்குகிற மாதிரி முடைந்து தருவார்கள். கடைப் பெயரை ஓலையிலேயே பின்னித் தரச் சொல்லாதீர்கள். நேரம் இரட்டிப்பாகும், எழுத்தும் தெளிவாக வராது. ஒரு சின்னத் துணிச்சீட்டு கட்டினால் போதும்.

தீபாவளிக்கு 200 பெட்டிக்கு மேல் வேண்டுமானால் ஆடி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். பொங்கலுக்கு வேண்டுமானால் புரட்டாசிக்குள் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுவில் வருகிற மழை மாதங்களில் ஓலை காயாது. மார்கழியில் போய் அவசரப்படுத்தினால் சரியாகக் காயாத ஓலையில் முடைந்த பெட்டிதான் கிடைக்கும், அதில்தான் பூஞ்சை முதலில் வரும். இந்த வருஷம் நாங்கள் அரைக் கிலோப் பெட்டியில் நார்ப்பிடி வைத்த புது மாதிரி ஒன்று கேட்டிருக்கிறோம், பெரியக்கா சொன்ன அதே முறையில். அது வந்து, கனம் ஏற்றித் தூக்கிப் பார்த்த பிறகு கைப்பையைப் பற்றியும் சேர்த்து மறுபடி எழுதுகிறேன்.